செவ்வாயிலிருந்து வந்தவர்கள்: ஸ்பீல்பெர்க் படத்துக்கு முன் சில கேள்விகள்

எச். ஜி. வெல்ஸின் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ 1897இல் தொடர்கதையாக வந்தது, 1898இல் நூலானது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கத்தில் டாம் குரூஸ் நடித்து அது மீண்டும் படமாகியிருக்கிறது. இந்த மாதம், 2005 ஜூன் 29 அன்று, அமெரிக்காவில் வெளியாகிறது. ஆங்கில இலக்கியம் கற்பித்த காலத்தில் இந்த நாவலைப் பல வகுப்புகளுக்கு நடத்தியவன் என்பதால் என்னிடம் கேள்விகளை அனுப்பியிருக்கிறீர்கள். இயன்றவரை எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, மதுரை: ஐயா, நான் நாவலைப் படித்ததில்லை. கதையைச் சொல்லுங்கள். முடிவு தெரிந்தாலும் பரவாயில்லை.

நூறாண்டாக ஊரறிந்த முடிவுதான், சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க் கிரகம் குளிர்ந்து வறண்டு வருகிறது. அங்கே வாழ்கிறவர்கள் பூமிமேல் கண்வைத்து உருளைக் கலங்களில் வந்து இறங்குகிறார்கள். மூன்று கால் இயந்திரங்களில் ஏறி, வெப்பக் கதிராலும் நச்சுக் கரும்புகையாலும் தென் இங்கிலாந்தை அழித்து லண்டனைக் காலிசெய்கிறார்கள். மனிதனின் பீரங்கிகள் ஓரிரு இயந்திரங்களைத்தான் சாய்க்கின்றன. கடைசியில் வந்தவர்களைக் கொல்வது நம் மண்ணின் நுண்ணுயிர்கள். கதைசொல்லி ஒரு சாதாரண எழுத்தாளர், அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. அவர் ஓடுகிறார், ஒளிகிறார், பார்க்கிறார், போரிடுவதில்லை. படம் பார்க்கப் போகும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியாளர், சென்னை: சார், நான் உங்கள் பழைய மாணவன். அன்று வகுப்பிலேயே கேட்க நினைத்தேன். கிருமி வந்து எல்லோரையும் கொன்றுவிட்டது என்பது ஆசிரியர் கைகழுவிவிட்ட முடிவு அல்லவா?

அன்றே கேட்டிருக்கலாம், தம்பி. நாவலின் முதல் வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். நுண்ணோக்கியின் கீழ் ஒரு நீர்த்துளிக்குள் நெளியும் உயிர்களை மனிதன் ஆராய்வதுபோல, வேற்றுலக அறிவுகள் நம்மை ஆராய்ந்துகொண்டிருந்தன என்று கதை தொடங்குகிறது. முதல் வாக்கியத்திலேயே நுண்ணுயிர் வந்துவிட்டது. யாரும் பொருட்படுத்தாத அந்தச் சிற்றுயிர்தான் இறுதியில் தீர்ப்பு எழுதுகிறது. கைகழுவுகிறவர் முதல் வரியிலேயே விதை போடமாட்டார்.

வெல்ஸ் லண்டனில் டி. எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். டார்வினுக்காக மேடையேறி வாதாடிய அதே ஹக்ஸ்லி. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டியது 1882இல். நாவல் எழுதப்பட்டபோது அது பதினைந்தே ஆண்டு பழைய அறிவு. மனித இனம் எண்ணற்ற சாவுகளைக் கொடுத்து இந்தக் கிருமிகளோடு வாழும் திறனைச் சம்பாதித்தது. செவ்வாயில் கிருமியே இல்லாததால் வந்தவர்களுக்கு அந்தத் திறன் இல்லை. வெல்ஸ் சொல்லும் காரணம் இதுதான். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை, முழுக்கப் பரிணாமக் கணக்கு. மனிதன் வென்றான் என்று வெல்ஸ் எங்குமே எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே புதிய படத்திடம் நான் எதிர்பார்க்கும் முதல் விஷயம், டாம் குரூஸ் உலகைக் காப்பாற்றக் கூடாது என்பது. விஞ்ஞானி ஒருவர் கிருமியைக் கண்டுபிடித்து எதிரிமேல் ஏவுவதாகக் காட்டினால் கதை செத்துவிடும். அமெரிக்க ராணுவம் வென்றாலும் அப்படித்தான்.

வங்கி ஊழியர், கோவை: மூன்று கால் இயந்திரங்கள் படத்தில் வருமா?

வருகின்றன. இதே நாவலிலிருந்து 1953இல் வந்த படத்தில் அவை இல்லாத குறை இப்போது தீர்கிறது.

வரலாற்று ஆசிரியை, திருநெல்வேலி: ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் பிறந்த நாம், இங்கிலாந்து எரிவதைச் சொல்லும் இந்தக் கதையை எந்த மனநிலையில் படிப்பது?

மிக அவசியமான கேள்வி, அம்மா. இந்தக் கதையின் கருவே அதுதான். வெல்ஸும் அவர் அண்ணன் ஃபிராங்கும் சர்ரே மாவட்டத்தின் கிராமப்புறத்தில் நடந்துகொண்டிருந்தபோது பேச்சு ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியாத் தீவின் பூர்வகுடிகள் பக்கம் போனது. ஐரோப்பியர் வந்து இறங்கியதும் அந்த மக்களுக்கு நேர்ந்தது, வானத்திலிருந்து யாரோ இறங்கி நமக்கு நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணன் கேட்டார். நூலை அவருக்கே காணிக்கையாக்கி, இது அவருடைய எண்ணம் என்று வெல்ஸ் எழுதியிருக்கிறார்.

முதல் அத்தியாயத்திலேயே அந்தச் செய்தி வந்துவிடுகிறது. செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று சொல்லுமுன் நாம் செய்ததை நினைத்துப் பாருங்கள் என்று தன் சொந்த நாட்டு வாசகரிடம் சொல்கிறார். காட்டெருமையை, டோடோ பறவையைச் சொல்லி, பிறகு டாஸ்மேனியர்களைச் சொல்கிறார். ஐம்பது ஆண்டுகளில் ஐரோப்பியக் குடியேறிகள் நடத்திய ஒழிப்புப் போர் அது என்கிறார். (அவர்கள் முற்றிலும் அழிந்துவிட்டதாக அவர் எழுதியது மட்டும் சரியல்ல. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.)

காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். தொடர்கதை வந்துகொண்டிருந்த 1897 ஜூன் மாதத்தில்தான் விக்டோரியா அரசியின் வைரவிழா ஊர்வலம் லண்டன் தெருக்களில் போனது. அதே நேரத்தில் இந்தியாவில் கொடும் பஞ்சம். பேரரசு தன் பெருமையின் உச்சியில் நின்ற மாதத்தில், அதன் தலைநகரை ஓர் ஆங்கிலேயர் கதையில் எரித்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்த நாவல்மேல் இத்தனை பற்று இருப்பதற்கு முதல் காரணம் இந்த நேர்மை.

படத்தில் இது வருமா? இருபத்தோராம் நூற்றாண்டின் அமெரிக்காவில் கதை நடக்கும்போது வந்தால்தான் பொருத்தம். இன்னொரு நாட்டில் அமெரிக்கப் படைகள் நிற்கும் காலம் இது. வசனமாக வேண்டாம், ஒரு காட்சியின் நிழலாக வந்தால்கூட நான் நிறைவடைவேன்.

பட்டதாரி, சேலம்: இங்கிலாந்துக் கதையை ஏன் அமெரிக்காவுக்கு மாற்றினார்கள்? இது துரோகம் இல்லையா?

இல்லை. வெல்ஸ் அப்போது ஓக்கிங் என்ற ஊரில் குடியிருந்தார். சைக்கிளில் சுற்றி, எந்தத் தெருவை இடிக்கலாம், எந்த ஊரை எரிக்கலாம் என்று பார்த்துப் பார்த்து எழுதினார். முதல் உருளை விழும் ஹார்செல் பொதுவெளி அவர் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். அன்றைய வாசகர்கள் தங்கள் ரயில் நிலையத்தின் பெயரைக் கதையில் படித்து நடுங்கினார்கள். பார்வையாளர் தன் தெருவைத் திரையில் காண வேண்டும் என்பதே கதையின் இயல்பு. ஆகவே ஸ்பீல்பெர்க் நியூ ஜெர்சியில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் வீட்டு வாசலில் கதையைத் தொடங்குவது வெல்ஸின் வழிதான். 1938இல் இந்தக் கதையை வானொலி நாடகமாக்கிய அமெரிக்கக் கலைஞர் ஆர்சன் வெல்ஸும் (இவர் வேறு வெல்ஸ்) நியூ ஜெர்சியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், தஞ்சாவூர்: அந்த வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது என்கிறார்களே, உண்மையா?

1938 அக்டோபர் 30 இரவு, செய்தி அறிக்கைபோல ஒலிபரப்பான அந்த நாடகத்தைக் கேட்டுப் பலர் பயந்தது உண்மை. நாடே ஓடியது என்பது மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது. இதைவிடக் கொடுமையானது 1949இல் எக்குவடோர் நாட்டின் கீட்டோ நகரில் நடந்தது. அங்கும் இதே உத்தியில் ஒலிபரப்பினார்கள். ஏமாற்றப்பட்டதை அறிந்த கூட்டம் வானொலி நிலையம் இருந்த பத்திரிகைக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உயிர்கள் போயின.

திரைப்படக் கல்லூரி மாணவர், சென்னை: ஐயா, 1953 படம் நன்றாக இருக்குமா? இப்போது பார்க்கலாமா?

பாருங்கள். ஜார்ஜ் பால் தயாரித்து பைரன் ஹாஸ்கின் இயக்கியது; தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கார் பெற்றது. ஆல்பர்ட் நோசாகி வடிவமைத்த செம்பு நிற இயந்திரங்கள் திருக்கைமீன் சாயலில் மிதந்து வரும். பாம்புக் கழுத்தின் நுனியில் ஒரு கண். இன்றும் அது அழகு குறையாத வடிவம். அன்று கால்களை நடக்கவைக்க முடியாததால், கண்ணுக்குத் தெரியாத கால்கள் இருப்பதாக வசனத்தில் சமாளித்தார்கள். அணுகுண்டு போட்டும் எதிரிமேல் கீறல் விழாத காட்சி அந்தக் காலத்து அச்சத்தை அப்படியே காட்டும்.

எனக்கு உடன்பாடில்லாதது முடிவு. தேவாலயத்தில் மக்கள் வேண்டிக்கொண்டிருக்க, பகைவர் வீழ்கிறார்கள். நாவலில் பாதிரியார் ஒருவர் வருகிறார். இடிந்த வீட்டில் கதைசொல்லியோடு அடைபட்டுக் கிடக்கிறார். பயத்தில் புத்தி தடுமாறி அவர் கூச்சலிட, வெளியே இருக்கும் செவ்வாய்க்காரர்களுக்குக் கேட்டுவிடும் என்று கதைசொல்லி வெட்டுக்கத்தியின் பின்புறத்தால் அவரை அடித்து வீழ்த்துகிறார். பிறகு ஓர் இயந்திரக் கை உள்ளே நீண்டு அவரை இழுத்துப்போகிறது. கதைசொல்லி அந்தக் குற்றத்தை மறைக்காமல் எழுதுகிறார். இந்த இருட்டை எந்தப் படம் துணிந்து காட்டுகிறதோ அதை நான் நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பேன்.

இல்லத்தரசி, ஈரோடு: வேற்றுலகத்தாரை நண்பர்களாகக் காட்டியவர்தானே ஸ்பீல்பெர்க்? இந்தக் கதை அவருக்குச் சரிவருமா?

1977இலும் 1982இலும் அவர் எடுத்த இரு படங்களில் அவர்கள் நண்பர்கள்தான். ஆனால் இரண்டாம் உலகப் போர்ப் படமான ‘சேவிங் பிரைவேட் ரயன்’இல், நார்மண்டிக் கடற்கரையில் வீரர்கள் இறங்கும் காட்சியை, கூட ஓடுகிறவனின் கண் உயரத்தில் எடுத்தவரும் அவரே. அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி இந்தப் படத்திலும் இருக்கிறார். ஓடுகிற மனிதனின் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் வெல்ஸும் காட்டினார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

மருத்துவ மாணவர், மதுரை: செவ்வாயில் யாரும் இல்லை என்பது தெரிந்துவிட்டது. இனி இந்தக் கதைக்கு அறிவியல் மதிப்பு உண்டா?

1965இல் செவ்வாயருகே பறந்த மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் பள்ளங்களும் வெறுமையும்தான் தெரிந்தன. ஆனால் கதையின் அறிவியல் செவ்வாயில் இல்லை, கிருமியில் இருக்கிறது. அப்போலோ 11 வீரர்கள் நிலவிலிருந்து திரும்பியதும் ஏறத்தாழ மூன்று வாரம் தனிமைப்படுத்தப்பட்டது அந்த அச்சத்தால்தான். 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களைச் சூட்டடுப்பில் வைத்துக் கிருமிநீக்கம் செய்தே அனுப்பினார்கள். இந்த மாதத் தொடக்கத்தில்தான் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அங்கே ஒரு மணல்மேட்டில் வாரக்கணக்கில் புதைந்து கிடந்து வெளியே வந்தது. அந்தச் சக்கரங்களோடு நம் ஊர்க் கிருமி போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று விஞ்ஞானிகள் கவலைப்படுகிறார்கள். இப்போது கலம் அனுப்புகிறவர்கள் நாம்.

பள்ளி மாணவன், நாகர்கோவில்: சார், படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் காட்சி எது?

இரண்டு சொல்கிறேன். ஒன்று, உருளை திறக்கும் காட்சி. விடியற்காலையில் வானியலாளர் ஒகில்வி அதைத் தேடிப் போகிறார். மணற்பள்ளத்தில் புதைந்து, மேலே சாம்பல் பூத்துக் கிடக்கிறது. உதிரும் சாம்பலின் ஓசை. பிறகு உருளையின் முனையில் ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்க்கிறார். ஐந்து நிமிடத்துக்கு முன் தன் பக்கம் இருந்த புள்ளி இப்போது மறுபக்கம் இருக்கிறது! உள்ளிருந்து யாரோ மூடியைத் திருகுகிறார்கள். அவருக்கு முதலில் தோன்றுவது பயமல்ல. ‘உள்ளே ஆள் இருக்கிறார்கள், வெந்துகொண்டிருப்பார்கள்’ என்று பதறி, திறந்துவிட ஓடுகிறார். அனல் அவரைத் தடுக்கிறது. பின்னர் வெள்ளைக் கொடியோடு போன குழுவில் அவரும் எரிந்து சாகிறார். உதவ ஓடியவர்தான் முதலில் சாகிறவர்களில் ஒருவர். இந்தப் பத்துப் பக்கங்களுக்கு எந்தத் தந்திரக் காட்சியும் ஈடாகாது.

மற்றொன்று, எசெக்ஸ் கரையில் ‘தண்டர் சைல்ட்’ என்ற போர்க்கப்பல். அகதிகளை ஏற்றிக்கொண்டு நீராவிக் கப்பல் கிளம்புகிறது; மூன்று இயந்திரங்கள் கடலுக்குள் நடந்து துரத்துகின்றன. போர்க்கப்பல் குண்டு சுடாமல் முழு வேகத்தில் நேரே வருகிறது. அது என்னவென்றே செவ்வாய்க்காரர்களுக்கு விளங்கவில்லை, அதனால் தயங்குகிறார்கள். வெப்பக் கதிர் பட்டு எரிந்துகொண்டே போய் ஒன்றை வீழ்த்துகிறது, இரண்டாவதன்மீது மோதுகிறது. நீராவிக் கப்பலில் இருந்தவர்கள் அழுதுகொண்டே ஆரவாரம் செய்கிறார்கள். 1953 படத்தில் இது இல்லை. நியூ ஜெர்சிக் கதையில் இடம் கிடைப்பது அரிதுதான். ஆனாலும் ஆசைப்படுகிறேன்.

வாசகர், புதுச்சேரி: இதே கதையில் வேறு படங்களும் வருவதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு வருகின்றன. பெண்ட்ராகன் நிறுவனத்தின் படம் விக்டோரியா காலத்திலேயே நடக்கிறது, ஏறத்தாழ மூன்று மணி நேரம். இந்த மாதம் அமெரிக்காவில் டிவிடியாக வந்துவிட்டது. அசைலம் நிறுவனத்தின் மலிவுப் படம் ஸ்பீல்பெர்க் படத்தை ஒட்டியே வருகிறது. அமெரிக்காவில் இந்த நூலுக்குப் பதிப்புரிமை இல்லை, யாரும் எடுக்கலாம்.

தாய், வேலூர்: டாம் குரூஸ் பிள்ளைகளைக் காப்பாற்றும் அப்பாவாக வருகிறார் என்கிறார்கள். குடும்பப் பாசத்தைத் திணித்துக் கெடுத்துவிடுவார்களோ? என் எட்டு வயதுப் பையனை அழைத்துப் போகலாமா?

நாவலிலும் கதைசொல்லி மனைவியைப் பிரிந்து, இறந்துவிட்டாள் என்று நம்பி, கடைசியில் சொந்த வீட்டிலேயே அவளைக் காண்கிறார். பாசம் வெல்ஸ் வைத்ததுதான். எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம். செவ்வாய்க்காரர்கள் மனித ரத்தத்தை எடுத்துத் தங்கள் உடம்பில் ஏற்றிக்கொள்கிறவர்கள். படம் அதைத் தொட்டாலே குழந்தை தூங்காது. முதலில் நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவெடுங்கள்.

கல்லூரி மாணவர், விருதுநகர்: படத்துக்கு முன் நூலை முடிக்க நேரமில்லை. எதை மட்டும் படிக்கலாம்?

முதல் பாகத்தின் முதல் ஐந்து அத்தியாயங்களும் கடைசியான பதினேழாவதும், இரண்டாம் பாகத்தில் இடிந்த வீட்டுப் பகுதியும். குட்டன்பர்க் திட்டத்தின் இணையதளத்தில் முழு நூலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் சற்றுப் பழையது, ஆனால் வாக்கியங்கள் கடினமானவை அல்ல. முதல் பத்தியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.