கிணறு கெட்டது, பில்டர்காரர் வந்துவிட்டார்

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் 62 குடும்பங்கள். லயன் வீடுகளுக்குக் கீழே உள்ள கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் மலக்கிருமி இருக்கிறது, நைத்திரேற்றும் லீற்றருக்கு 71 மில்லிகிராம் என்று அறிக்கை வந்திருக்கிறது. வீட்டுக்கு 15 ஆயிரம் ரூபாய் போட்டால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய தண்ணீர் பில்டர் பொருத்தித் தருவதாக ஒருவர் வந்து சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: காசை முதலில் மடியிலேயே முடிந்து வையுங்கள்.

அவர் இரண்டு கம்பி நீட்டிய கருவியை உங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டுக் காட்டியிருப்பாரே? தண்ணீர் செங்காவியாகித் திப்பி திப்பியாக மிதந்திருக்கும். அவர் கொண்டுவந்த தண்ணீரில் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தக் காவி உங்கள் கிணற்று அழுக்கு இல்லை, மின்சாரம் பாய்ந்து கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புச்சத்து நீக்கிய அவருடைய தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, வித்தை அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால் அவருடைய கிளாஸில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பேனா மாதிரி மீட்டரில் எண் காட்டுவதும் இதே ரகம். அது கரைந்திருக்கும் உப்பைத்தான் கணக்கிடும், கிருமி அதன் கண்ணில் படாது.

நைத்திரேற்றை எடுக்கும் இயந்திரம் இல்லாமலில்லை. ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் கணிசமான பங்கைக் கழிவாக வெளியே தள்ளும். கரண்ட் வேண்டும், வடிகட்டும் சவ்வை அவ்வப்போது மாற்ற வேண்டும். அதற்கு யார் காசு கட்டுவது? திறப்பு விழாப் படத்தோடு நின்றுபோன இயந்திரங்களின் மேல் வாளி கவிழ்த்து வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு வழி மேலே இருக்கிறது. மலசலகூடக் குழியும் மரக்கறித் தோட்டத்து உரமும் சரிவில் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகின்றன. ஆகவே கடைசி லயன், கடைசி மரக்கறிப் பாத்தி, முடிந்தால் உரம் போடும் தேயிலை மலை, எல்லாவற்றுக்கும் மேலே ஊற்றைத் தேடுங்கள். பழைய பீலி (ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) எங்கே இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டாலே பாதி வேலை முடியும். அதை மாசி, பங்குனி வெயிலில் அளக்க வேண்டும். மழையில் எந்த ஊற்றும் நன்றாகத்தான் ஓடும். 20 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நாளுக்கு 28,800 லீற்றர். வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு 20 லீற்றர் என்றால் குடிக்க, சமைக்க 6,200 லீற்றர் தாராளம். குளிப்பு, துவைப்பு எல்லாம் சேர்த்தால் கொஞ்சம் இழுபறி. இராத்தண்ணீரைப் பிடித்துவைக்கத் தாங்கி வேண்டும். குழாய் வாங்குவதற்கு முன் அந்தத் தண்ணீரையும் பரிசோதியுங்கள். நைத்திரேற்று 50க்குள் இருக்க வேண்டும், மலக்கிருமி அறவே கூடாது. தாங்கி வைக்கும் இடத்தில் மண்சரிவு ஆபத்து உண்டா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கேளுங்கள்.

அதுவரை கொதிக்கவைத்துக் குடிக்கலாம், கிருமி சாகும். ஆனால் பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்கு இது ஆகாது. கொதித்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அது இரத்தம் பிராணவாயுவைச் சுமப்பதைக் கெடுக்கும், உதடு நீலமாகும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. பால்மா கரைக்க போத்தல் தண்ணீரோ நீர் வழங்கல் சபையின் தண்ணீரோ எடுங்கள். பாட்டி "நன்றாகக் கொதித்ததுதானே" என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். உதடு நீலமாகத் தெரிந்தால் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அப்புறம் கடிதம். ஊற்று இருக்கும் நிலம் கம்பனியிடம் குத்தகையில் இருக்கும். துரை (தோட்ட மானேஜர்) பிரதேச சபையைக் காட்டுவார், சபை துரையைக் காட்டும். சபைப் பணத்தைத் தோட்டத்துக்குச் செலவழிக்கச் சட்டம் இல்லை என்று யாராவது இன்னும் சொன்னால், 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தியாயிற்று என்று சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்தும் அதை நாம்தான் அவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது! நீர்ப் பாவனையாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கி, தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்துக்கு நீங்களே நேரில் போங்கள். "பதிவு எடுத்துத் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் ஒரு சதம் கொடுக்காதீர்கள். பரிசோதனை அறிக்கையின் பிரதியைத் துரை, பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி மூவருக்கும் ஒரே நாளில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.