‘நி’யா, ‘எ’யா?

கேள்வி: ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5-க்குப் படிக்கிறேன். போகும் இடத்தைச் சொல்ல ‘நி’ உருபு போடுவதா, ‘எ’ உருபு போடுவதா? எப்போதும் குழப்பம்.
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: போவது, வருவது, வீடு திரும்புவது என்றால் இரண்டும் சரியே. ‘ஓசூரு நி இகிமாஸ்’, ‘ஓசூரு எ இகிமாஸ்’ இரண்டுக்கும் ஓசூருக்குப் போகிறேன் என்றே பொருள். ‘நி’ போய்ச் சேரும் இடத்தைச் சுட்டும், ‘எ’ போகும் திசையை. ‘எ’ என்று ஒலித்தாலும் ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்து வரிசையில் ‘ஹெ’ எழுத்தைத்தான் எழுத வேண்டும். ‘அம்மாவுக்கான கடிதம்’ போன்ற தொடரில் மட்டும் ‘நி’க்கு இடமில்லை, ‘ஹாஹா எ நோ தெகாமி’தான்.

உண்மையில் நம்மவர்களுக்குச் சறுக்கும் இடம் இதுவல்ல, நமது ‘இல்’ உருபு. பஸ்ஸில் போகிறேன் என்பது ‘பஸு தே இகிமாஸ்’. பஸ் இங்கே கருவி. பஸ்ஸில் ஏறுகிறேன் என்றால் ‘பஸு நி நோரிமாஸ்’. ஏறி உட்காரும் இடம் அதுதானே! பஸ்ஸிலிருந்து இறங்க ‘ஓ’ வரும்: ‘பஸு ஓ ஓரிமாஸ்’. அதேபோல ஓசூரில் இருக்கிறேன் என்றால் ‘நி’, ஓசூரில் வேலை செய்கிறேன் என்றால் ‘தே’.

இன்னொரு பொறி ‘நாளைக்கு’. ‘க்கு’ இருக்கிறதே என்று ‘அஷிதா நி’ எழுதிவிடுவார்கள். நாளை, இன்று, நேற்று எதற்கும் ‘நி’ கூடாது. ‘அஷிதா ஓசூரு நி இகிமாஸ்’ போதும். ஆனால் ஏழு மணிக்கு என்றால் ‘ஷிசிஜி நி’. கடிகார நேரத்துக்கு அது கட்டாயம்.