ரேம் கூட்டியதும் நீலத்திரையா?

நண்பரே, கணினியில் 8 ஜிபி ரேமோடு இன்னொரு 8 ஜிபி சேர்த்ததிலிருந்து கேம் நடுவே நீலத்திரை (விண்டோஸ் முடங்கும்போது வரும் பிழைத்திரை) வருகிறது என்கிறீர்கள். விண்டோஸை மறுபடி நிறுவ அவசரப்படாதீர்கள், அது கடைசி வேலை. முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பை, அணைத்துப் பாருங்கள். உங்கள் பழைய ரேம் ஸ்டிக்கின் வேகம் 2666, புதியது 3200. சேர்ந்து ஓடும்போது மெதுவானதன் வேகத்துக்குத்தான் இரண்டும் இறங்க வேண்டும். எக்ஸ்எம்பி புதியதன் வேகக் கணக்கைப் பிடித்துக்கொண்டால் பழையது திணறும்.

அப்போதும் நீலத்திரை வந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில் போட்டு இரவு முழுக்க மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை ஓடவிடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக்கை நம்பாதீர்கள். தனித்தனியே தேறி, சேர்த்தால் மட்டும் விழுகிறதா? பெரும்பாலும் இரண்டுக்கும் பொருத்தம் இல்லை என்று அர்த்தம், ஒரே பெட்டியில் வரும் ஜோடிதான் பாதுகாப்பான வழி.

ஸ்லாட்டின் ஓரத்தில் ஸ்டிக்கைப் பிடிக்கும் கிளிப் சரியாகப் பூட்டியதா என்றும் பாருங்கள். எனக்கு இரண்டு நாள் அதிலேயே போனது.