கவுன்சிலருக்கு என் மகளைத் தெரியாதே, கடிதம் எப்படி எழுதுவார்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் பொதுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். பாடத் தேர்விலும் கல்லூரி விண்ணப்பத்திலும் வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரை இதுவரை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் பாடம் மாற்றுவதற்காக. இவர் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதிவிடப் போகிறார்? பேசாமல் பணம் கொடுத்து வெளியில் ஓர் ஆலோசகரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். வெளி ஆள் கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொல்வார், கல்லூரிப் பட்டியல் போட்டுத் தருவார். ஆனால் பள்ளியின் பெயரில் ஒரு தாளைக்கூட அவரால் அனுப்ப முடியாது. எர்லி டிசிஷனில் (இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று ஒப்பந்தம் போட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை) விண்ணப்பித்தால், அந்த ஒப்பந்தத்தில் மகளும் நீங்களும் போதாது, பள்ளி கவுன்சிலரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு தடவைதான் பார்த்தாள் என்பதில் அதிசயம் இல்லை. ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை. பல பொதுப் பள்ளிகளில் 400-ஐத் தாண்டுகிறது. சேர்க்கை அலுவலகங்களுக்கும் இது தெரியும். கடிதம் சாதாரணமாக இருக்கிறதே என்று பிள்ளையைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள்.

எல்லாரும் கடிதத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எனக்கென்னவோ, கூடவே போகும் மற்ற தாள்கள்தான் முக்கியம் என்று படுகிறது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளமான காமன் ஆப் வழியாகக் கவுன்சிலர், பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டையும் பள்ளியைப் பற்றிய குறிப்பையும் அனுப்புவார். அந்தப் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) உண்டு என்பது பெரும்பாலும் அந்தக் குறிப்பில் இருக்கும். ஆறே ஏபி உள்ள பள்ளியில் ஐந்து எடுத்தவளும், இருபது உள்ள பள்ளியில் ஐந்து எடுத்தவளும் ஒன்றல்ல. இவள் எடுத்த பாடங்கள் இந்தப் பள்ளியின் அளவில் எவ்வளவு கடினம் என்று கவுன்சிலரிடமே காமன் ஆப் படிவம் கேட்கும். அதனால் 12-ஆம் வகுப்புப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே மகள் அவரிடம் போய், "என் பாடங்களை எந்த நிலையில் குறிப்பீர்கள்?" என்று கேட்டுவிடட்டும். பிறகு கேட்டுப் பயனில்லை.

கடிதத்துக்கு வருவோம். பல பள்ளிகளில் மாணவரும் பெற்றோரும் நிரப்ப ஒரு படிவம் தருவார்கள். கவுன்சிலரின் கையில் இருக்கும் சரக்கு பெரும்பாலும் அவ்வளவுதான். அதில் "கடின உழைப்பாளி, பொறுப்பானவள்" என்று எழுதினால் அதையேதான் அவரும் எழுதுவார். "ஏபி வேதியியலும் ஆர்கெஸ்ட்ராவும் ஒரே நேரத்தில் வந்தன, ஆர்கெஸ்ட்ராவை விடாமல் வேதியியலைக் கோடையில் கல்லூரி வகுப்பில் முடித்தாள்" என்று எழுதிப் பாருங்கள், அவருக்கு ஒரு பத்தி கிடைத்துவிடும். வீட்டில் நோய், இடமாற்றம் என்று மதிப்பெண் சரிந்த பருவம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். பிள்ளை தன் வாயால் சொன்னால் சாக்குப்போக்காகத் தெரிவது, கவுன்சிலர் எழுதினால் விளக்கமாகிவிடும்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று காமன் ஆப் மகளிடம் கேட்கும். விட்டுக்கொடுப்பதே வழக்கம்.

சரி, எப்போது போவது? எர்லி விண்ணப்பங்களில் பல நவம்பர் 1-இல் முடிகின்றன. 11-ஆம் வகுப்பு முடியும் முன்பே படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். மின்னஞ்சலையும் பேச்சையும் மகளே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பின்னால் இருந்தால் போதும்.