கடை இருந்த மனையில் வீடு: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம், மூடிக்கிடந்த ஒரு பெரிய கடையை இடித்துவிட்டு வரிசை வீடுகள் கட்டுகிறார்கள். "கடைதானே இருந்தது, தொழிற்சாலை இல்லையே, மண் சுத்தம்" என்கிறார் விற்பனை அலுவலகத்துக்காரர். முன்பணமும் உடனே வேண்டுமாம். நம்பலாமா?

பதில்: "கடைதானே" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிவியும் துணியும் விற்ற மண்டபத்துக்கு அடியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, சரி. அதே வளாகத்தில் ஓரமாக என்ன இருந்தது? சியர்ஸ் என்ற பெரிய அங்காடி நிறுவனத்தின் பழைய கடைகள் பலவற்றோடு கார் பட்டறை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். காரைத் தூக்கும் ஹைட்ராலிக் தண்டு தரைக்குள்ளேயே இருக்கும், எண்ணெய் கசியும்.

அதைவிட மோசம் டிரை கிளீனிங் கடை. அங்கே பயன்பட்ட பெர்க் என்ற திரவம் தண்ணீரைவிடக் கனமானது. காங்கிரீட்டையும் தாண்டி இறங்கிவிடும். கடை போய்ப் பல வருடம் கழித்தும் ஆவியாகி மேலே வரும், வீட்டுக்குள் வந்தாலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். துணியை வாங்கி வேறிடத்துக்கு அனுப்பிய வெறும் கவுன்டர் என்றால் பயமில்லை. ஆனால் இரண்டுக்கும் பெயர்ப் பலகை ஒன்றுதான். கடைசியாகக் கவுன்டராக இருந்த இடத்திலேயே எழுபதுகளில் டிரை கிளீனிங் இயந்திரம் ஓடியிருக்கலாம். அதனால் "சலவைக் கடை இருந்ததா" என்று கேட்காதீர்கள். "இயந்திரம் எப்போதாவது இருந்ததா" என்று கேளுங்கள்.

பதில், மனையில் முன்பு என்ன இருந்தது என்று பழைய பதிவுகளை ஆராயும் 'ஃபேஸ் ஒன்' அறிக்கையில் இருக்கும். கட்டுநரிடம் கேட்டு வாங்குங்கள். ஜியோட்ராக்கர் (GeoTracker), என்விரோஸ்டோர் (EnviroStor) என்ற மாநில அரசின் இரண்டு தளங்களிலும் முகவரி போட்டுத் தேடலாம், காசு கிடையாது. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்து கொட்டி வைத்திருப்பார்கள்; வீடு வாங்குகிறவர் படிப்பார் என்று அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். அதிகாரிகளின் கடைசிக் கடிதத்தை மட்டும் திறங்கள். "மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை" என்று இருந்தால் அதன் கீழே நிபந்தனை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். மண்ணைத் தோண்டாதே, காய்கறி போடாதே என்று பத்திரத்திலேயே ஏறியிருக்கலாம்.

அப்புறம் முன்பணம். இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு மாநில ரியல் எஸ்டேட் துறை, வீடுகளை விற்கத் தேவையான 'பப்ளிக் ரிப்போர்ட்' என்ற அறிக்கையைத் தரும். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தாளின் நிறத்தில் தெரியும். இளஞ்சிவப்புத் தாள் மட்டும் வந்திருந்தால் அது வெறும் முன்பதிவு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், பணம் முழுதாகத் திரும்ப வரும். மஞ்சள் வந்துவிட்டால் ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும். வெள்ளை வந்தால்தான் வீடு கைமாறும். "இன்றைக்கே போடுங்கள், நாளைக்கு விலை ஏறும்" என்று அவசரப்படுத்துகிறவர் கட்டுநரின் ஆள், உங்கள் ஆள் இல்லை. தாளின் நிறத்தைக் கேளுங்கள். இயந்திரக் கேள்வியை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். அது வரும்வரை செக் புத்தகத்தை வெளியே எடுக்க வேண்டாம்.