பி.எட். இல்லாமல் பாடம் எடுக்கும் மகளுக்கு

மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு தனியார் பள்ளியில் சேர்ந்து மூன்று வருடமாகப் பாடம் எடுக்கிறாள், வேலையை விடாமல் தபால் வழியில் பி.எட். முடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் இக்னோவிலும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைநிலை பி.எட். உண்டுதான். ஆனால் ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைப்படி, ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் அதில் இடம். பயிற்சிச் சான்றிதழ் இல்லாதவருக்கு எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் விண்ணப்பம் தேறாது.

பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காக என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) நடத்திய 18 மாத டி.எல்.எட். (தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பு) பற்றியும் யாராவது சொல்வார்கள். அது, பணியில் இருந்தவர்கள் பயிற்சியை முடிக்க 2019 மார்ச் 31 வரை கொடுத்த அவகாசத்துக்காக வந்தது. இன்று அதன் பேரில் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எந்த வகுப்புக்கு எடுக்கப்போகிறாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒன்று முதல் ஐந்து வரை என்றால் பி.எட். உதவாது, 2023 ஆகஸ்ட் 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு இரண்டு வருட டி.எல்.எட். படிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை என்றால் பி.எட். மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலையும் சேர வேண்டும்.

கணிதப் பட்டதாரிக்கு நேரடி பி.எட்.தான் சரி. இரண்டு வருடம், பொதுப்பிரிவுக்குப் பட்டப்படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். வகுப்புக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை கட்டாயம். பள்ளிப் பயிற்சி மட்டும் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். இதைப் பார்த்துத்தான் பலரும் “வராமலே பி.எட்.” என்று ஆசை காட்டும் ஏஜெண்டுகளிடம் போகிறார்கள். சிக்கல் பிறகு வரும்: பி.எட். படித்த அதே தேதிகளில் பள்ளி கொடுத்த முழுநேரப் பணி அனுபவச் சான்றும் கோப்பில் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டுமே சந்தேகத்துக்கு ஆளாகும். கல்வியாண்டு முடிந்ததும் பள்ளி வேலையிலிருந்து முறையாக விலகி, விலகிய தேதியோடு அனுபவச் சான்றை அப்போதே வாங்கிவிடுங்கள். பணம் கட்டும் முன் அந்தக் கல்லூரியின் பெயர் என்.சி.டி.இ. தெற்கு மண்டலக் குழுவின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். பி.எட். கடைசி ஆண்டிலேயே எழுத வாய்ப்புண்டு. அந்த முறை அறிவிக்கையில் நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள். 150 மதிப்பெண்ணில் பொதுப்பிரிவுக்கு 90 தேவை, மற்றப் பிரிவுகளுக்குச் சலுகை உண்டு. கணிதம் படித்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கணிதத்தில் இல்லை. அதற்கு 30 மதிப்பெண்தான். முப்பதும் வாங்கினாலும் இன்னும் 60 வேண்டும். அது அறிவியல், குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் நான்கிலிருந்தும் வர வேண்டும். தாவரவியலும் விலங்கியலும் பத்தாம் வகுப்போடு விட்டுப்போயிருக்கும். ஆறு முதல் பத்து வரையான பள்ளி அறிவியல் புத்தகங்களை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.