சமையலறைப் புதுப்பிப்பு: பாதிப் பணம்தான் இருக்கிறது, எதில் தொடங்குவது?

கேள்வி: எங்கள் சமையலறை கட்டி 20 வருடம் ஆகிறது. கபோர்டு கதவுகள் நிறம் மங்கிவிட்டன. சிங்க்குக்குக் கீழுள்ள பலகை ஊறி உப்பியிருக்கிறது. மைக்ரோவேவ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் சேர்ந்து ஓடினால் சற்று நேரத்தில் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. சிம்னி சத்தம் போடுகிறதே தவிர புகையை இழுப்பதில்லை. எல்லாவற்றையும் செய்ய ஆகும் செலவில் பாதிதான் கையில் இருக்கிறது. வீட்டில் புது மேடைக் கல்லும் புதுக் கதவுகளும்தான் முதலில் என்கிறார்கள். சிங்க்கை எதிர்ச் சுவருக்கு மாற்றும் ஆசையும் உண்டு. எதை முதலில் செய்யலாம்?

பதில்: கல்லும் கதவும் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு வேலையையும் எடுத்துக்கொண்டு, ‘இதை மூன்று வருடம் தள்ளிப்போட்டால், அப்போது எதையெல்லாம் உடைக்க வேண்டிவரும்?’ என்று கேட்டுப் பாருங்கள். கபோர்டு கதவைக் கழற்ற ஒரு ஸ்குரூடிரைவர் போதும். சுவருக்குள் ஓடும் குழாயை மாற்ற டைல்ஸ், பூச்சு, சில வீடுகளில் மேடையே பெயர வேண்டும். அதிகம் உடைக்க வேண்டிய வேலை எதுவோ அதுதான் முதலில்.

உங்கள் வீட்டில் அது ஒயரிங். 230 வோல்ட் இணைப்பில் 2000 வாட் கெட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட் இண்டக்‌ஷன் இன்னொரு 9. மைக்ரோவேவ் சுமார் 6. மொத்தம் 24 ஆம்பியர்; 16 ஆம்பியர் பிரேக்கர் விழத்தான் செய்யும். இங்கே பலர் செய்யும் ஆபத்தான வேலை, ஒயரை விட்டுவிட்டு பிரேக்கரை மட்டும் பெரிதாக மாற்றுவது. பிரேக்கர் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. அதைப் பெரிதாக்கினால் அது விழாது, சுவருக்குள் ஒயர் சூடாகி இன்சுலேஷன் கருகும்.

மேடைக்கு மேலே குறைந்தது இரண்டு தனித்தனி பவர் லைன்கள் வேண்டும். ஒவ்வொன்றும் பிரேக்கர் பெட்டியிலிருந்து நேராக வர வேண்டும். 16 ஆம்பியருக்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுவார்கள். ஃபிரிட்ஜுக்கு வேறொரு லைன் இருந்தால், கெட்டிலால் பிரேக்கர் விழுந்தாலும் ஃபிரிட்ஜ் அணையாது. மேடையில் பதிக்கும் 7 கிலோவாட் இண்டக்‌ஷன் பிற்காலத்தில் வரலாம் என்றால் அது 30 ஆம்பியர் கேட்கும்; அதற்கென்று 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் தேவை. தூரமும் ஒயர் போகும் விதமும் இந்த அளவை மாற்றும் என்பதால் எலெக்ட்ரீஷியன் கணக்கிட்டுச் சொல்லட்டும். இப்போது ஒயர் வாங்கப் பணமில்லையா? காலிக் குழாயையாவது சுவரில் பதித்து, பின்னால் ஒயரை இழுக்க உள்ளே ஒரு இழுகம்பியை விட்டு வையுங்கள். தண்ணீர் புழங்கும் இடம் என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

சிங்க்கை இடம் மாற்றும் யோசனையைக் கைவிடச் சொல்வேன். தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கமும் திருப்பலாம், கழிவுக் குழாய் அப்படி வளைந்து கொடுக்காது. மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். மூன்று மீட்டர் நகர்த்தினால் 6 சென்டிமீட்டர் இறக்கம். அந்த இறக்கத்துக்குத் தரையை வெட்ட வேண்டும், இல்லையென்றால் உயர்த்த வேண்டும். சரிவைக் குறைத்து ஒப்பேற்றினால் எண்ணெய்ப் பிசுக்கு குழாயின் அடியில் படிந்து, சில மாதங்களில் சிங்க் நிரம்பி நிற்கும். இருக்கும் இடத்திலேயே சிங்க்கை வைத்துக்கொண்டால் மிச்சமாகும் தொகை ஒயரிங்குக்குக் கைகொடுக்கும்.

பலகை ஊறியதற்குக் காரணம் தெரியாமல் பலகையை மாற்றாதீர்கள். அடியில் காய்ந்த பேப்பரை விரித்து, சிங்க்கைத் தளும்ப நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அப்போது சொட்டினால் கழிவுக் குழாயின் இணைப்பிலோ, சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கும் டிராப்பிலோ கோளாறு. யாரும் தண்ணீரே திறக்காதபோதும் பேப்பர் நனைந்தால் வால்வு அல்லது இணைப்பு ஹோஸ். மேடையின் மேலே தண்ணீர் ஊற்றும்போது மட்டும் நனைந்தால் சிங்க்கின் ஓரத்தை அடைக்கும் சிலிக்கோன் பசை விட்டுப்போயிருக்கிறது. இதுதான் மலிவான வியாதி. இரும்புக் குழாய்கள் 20 வருடத்தில் உள்ளே துருவேறிச் சுருங்கியிருக்கலாம், அதனால் சுவர் திறந்திருக்கும்போதே மாற்றிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டும் முன் குழாய் முனைகளை அடைத்து, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பிறகு சிங்க்குக்குக் கீழுள்ள கபோர்டுப் பெட்டியை மட்டும் நீரைத் தாங்கும் பிளைவுட்டில் செய்து, 10 சென்டிமீட்டர் கால்களில் நிறுத்துங்கள். மற்றப் பெட்டிகளில் கீல் ஸ்குரூக்களைத் திருகிப் பாருங்கள். பிடித்து நின்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, பிற்பாடு கதவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சும்மா சுற்றினால் பலகை உளுத்துவிட்டது. அப்படிப்பட்ட பெட்டிகளின் மேல் புதுக் கல்லை ஏற்றுவதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்: 2 சென்டிமீட்டர் கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் வரும். பெட்டி சரிந்தால் கல்லில் விரிசல் விடும், விடாவிட்டாலும் பெட்டியை மாற்றக் கல்லைத் தூக்கியாக வேண்டும். கல் செங்கல் சுவர் மேல் உட்கார்ந்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

சிம்னி விஷயத்தில் புதிது வாங்க ஓடாதீர்கள். ஃபில்டரைக் கழுவிவிட்டு, பின்னால் போகும் குழாயைப் பாருங்கள். சிம்னியின் வாய் 150 மில்லிமீட்டராக இருக்க, சுவரில் 100 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு இறுக்கியிருப்பது அடிக்கடி காணும் தவறு. அப்படிச் செய்தால் காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். மோட்டார் அலறும், புகை வெளியேறாது. ஓட்டையைப் பெரிதாக்கி, வளைவுகளைக் குறைத்து, மடிப்புக் குழாய்க்குப் பதில் வழுவழுப்பான குழாய் போட்டாலே பழைய சிம்னி இழுக்கக்கூடும். ஜன்னல், கதவு எல்லாம் இறுக்கச் சாத்தியிருந்தாலும் இழுக்காது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும்.

வீட்டாரைச் சமாதானப்படுத்த ஒன்று: மேல் கபோர்டின் அடியில், முன் விளிம்பை ஒட்டி எல்.இ.டி. பட்டை போடுங்கள். பின்சுவரை ஒட்டிப் போட்டால் டைல்ஸ்தான் பளபளக்கும், நறுக்கும் இடம் இருட்டாகவே இருக்கும். செலவு குறைவு, வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கையிலுள்ள தொகையில் 15 சதவீதத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். 20 வருடச் சுவரைத் திறந்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படும். சுவரை மூடும் முன், அளவு டேப்பை விரித்துப் பிடித்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கபோர்டுக்குத் துளை போடுபவர் குழாயிலோ ஒயரிலோ டிரில்லை இறக்காமல் இருக்க அது உதவும். அடுத்த சுற்றில் கல்லுக்கு ஆர்டர் கொடுக்கும்போது, கீழ்ப் பெட்டிகள் மட்டம் பார்த்துப் பொருத்திய பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். சிங்க்கும் அடுப்பும் அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வெட்டிய ஓட்டை ஒரு சென்டிமீட்டர் கூடிப்போனாலும் அந்தக் கல் வீண்.